கிணற்றுக்குள் போன கண்டக்டர்

போன சனிக்கிழமை வவுனியாவில் ஒரு மீன்கடையில் சண்டை பிடித்துவிட்டு வந்தேன். குழம்பு வைக்கிற மீன் விற்கிற கடை அல்ல. கண்ணாடித் தொட்டியில் விட்டு அழகு பார்க்கிற மீன் விற்கிற கடை.

நான் போனது புழு வாங்க. என் வீட்டில் இரண்டு சலமண்டர்கள் இருக்கின்றன; அதுகளுக்குப் புழுதான் சாப்பாடு. கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர். வயதான முஸ்லிம் மனிதர், நான் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கடையில் அன்றைக்கு ஒரு தொட்டி நிறையச் சலமண்டர் குஞ்சுகள். புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு சோடி அதற்கு முன்னால் நின்று, எதை வாங்குவது என்று தடுமாறிக் கொண்டிருந்தது.

"எதை எடுத்தாலும் ஒண்டுதான் மகள். எல்லாம் ஒரு தாய்ட பிள்ளையள்" என்றார் நானா.

எனக்கு வந்ததே ஒரு கோபம்...

"என்ன நானா கதைக்கிறியள்? உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"அஞ்சு."

"அஞ்சும் ஒண்டுதானோ?"

நானா சிரித்தார். நான் விடவில்லை. இந்தா பாருங்கோ, இது கண்ணாடிக்குக் கிட்ட வந்து எங்களைப் புதினம் பார்க்கிறது. அது மூலையில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மற்றது பக்கத்தில் உள்ளதன் காலைக் கடிக்கப் பார்க்கிறது — இதெல்லாம் ஒண்டோ என்று தொட்டியைக் காட்டிக் காட்டிப் பேசினேன். நான் பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் அந்தச் சோடியைக் காணவில்லை. பயந்து போய்விட்டதுகள்.

"யாவாரத்தைக் கெடுத்துப் போட்டீங்களே தங்கச்சி" என்றார் நானா. "இந்தப் பூச்சி புழுவுக்காக இப்பிடிக் கோவிக்கலாமா?"

கோவிக்கலாம். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

சலமண்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: தவளைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். பார்த்தால் பல்லி. ஆனால் தலையின் இரண்டு பக்கமும் இறகு விரித்தது போலச் செவுள். வாய் பிறந்ததிலிருந்தே சிரித்தபடி. எங்கள் வீட்டில் இருக்கிற சாதி கரைக்கே ஏறாது. சாகும் வரை தண்ணீருக்குள்தான். அக்சலோட்டில் என்பார்கள். மெக்சிகோவில் இருந்து வந்த சாதியாம். மெக்சிகோ எங்கே, கிளிநொச்சிப் பக்கத்து எங்கள் தர்மபுரம் எங்கே?

என் மகள் மதுரா பேராதனையில் படித்தபோது வாங்கியவை. படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, மடியில், ஐஸ் மீன் அடைக்கிற ரெஜிபோம் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு கண்டி பஸ்ஸில் வந்து இறங்கினாள். உடுப்புப் பை மழையில் நனைந்திருந்தது. பெட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. திறந்து பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பில், ஒரு சாண் நீளத்தில், இந்த இரண்டும்.

எனக்கு அன்றைக்கும் கோபம்தான். வாசகர்களுக்குத்தான் தெரியுமே, எனக்குக் கோபம் வராத நாளைச் சொல்வது சுலபம். இந்த வன்னி வெயிலில் மனிசரே அவியும்போது, குளிர் தண்ணீர் கேட்கிற சீவனை எங்கே வைத்து வளர்ப்பது? வீடு முழுவதும் அலைந்து பார்த்து, மேற்கு வெயில் படாத அறை ஒன்றைக் கண்டுபிடித்தோம். அது சாமியறை. பிள்ளையார் மேலே தட்டில், சலமண்டர்கள் கீழே தொட்டியில். ஃப்ரீசரில் போத்தல்களில் தண்ணீரை உறைய வைத்து, காலையும் மாலையும் தொட்டிக்குள் ஒன்று மாற்றி ஒன்று போடுவோம். மேலே ஒரு சின்ன ஃபேன்.

பக்கத்து வளவில் இருக்கிற என் அக்கா வந்து பார்த்துவிட்டு, "சாமியறைக்குள்ளை பல்லிக்கு ஃபேன் போட்டிருக்கிற ஒரே வீடு உன்ரை வீடுதான்" என்றாள்.

சரி, சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். மதுரா அதுகளுக்குப் பெயர் வைத்து, "அம்மா, உவன் கோவத்திலை நிக்கிறான், அவன் வெக்கப்படுறான்" என்று சொன்னபோது, இந்தப் பிள்ளைக்கு வேலை இல்லாமல் விசர் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். புழுத் தின்னுகிற பிராணிக்கு என்ன குணம், என்ன வெட்கம்?

பிறகு, காலையில் விளக்கு வைக்கப் போகும்போதெல்லாம் அதுகளைப் பார்த்துப் பார்த்து... எனக்கே விளங்கத் தொடங்கியது.

ஒருவன் பெயர் கண்டக்டர். எந்த நேரமும் முன் கண்ணாடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பஸ் மிதிபலகையில் தொங்குகிறவன் மாதிரி நிற்பான். கண்ணாடியில் விரலால் தட்டினால் போதும், எங்கே நின்றாலும் விழுந்தடித்து வருவான். புழுவோடு சேர்த்து விரலையும் கவ்வுவான். ஐஸ் போத்தலைப் போட்டால் அதில் சாய்ந்து கொள்வான். நான் தேவாரம் படித்தால் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். பக்தி என்று நான் நினைத்தேன். பசி என்றாள் மதுரா.

மற்றவன் பெயர் தவம். அவனுக்கு ஒரு விளிம்பு உடைந்த மண்முட்டிதான் உலகம். அதற்குள் இருப்பான். புழுவை முட்டி வாசலில் போட்டுவிட்டு நாங்கள் விலக வேண்டும். ஆள் நின்றால் பட்டினி கிடந்தாலும் வெளியே வரமாட்டான். தட்டினால் இன்னும் உள்ளே போவான். ஐஸ் போத்தல் தூரப் போன பிறகுதான் தலையை நீட்டுவான்.

ஒரே தாய். ஒரே நாளில் முட்டையில் இருந்து பொரித்ததுகள். ஒரே தண்ணீர், ஒரே புழு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறத்திலோ நீளத்திலோ வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒருவன் செய்வதை மற்றவன் ஒரு நாளும் செய்ததில்லை.

மதுராவுக்கு இரண்டிலும் பாசம்தான். ஆனால் கண்டக்டர் கதை வேறு. ஒருநாள் மனம் விட்டுச் சொன்னாள்: "கம்பசிலை முதல் வருசம் எனக்குக் கதைக்க ஒருத்தரும் இல்லை அம்மா. ரூமைத் திறந்தா, என்னைக் கண்டு சந்தோசப்பட்டு ஓடி வந்தது இவன் மட்டும்தான்."  போனில் தினமும் "சுகமாய் இருக்கிறன் அம்மா" என்று சொன்ன பிள்ளை அவள்.

இனி வீட்டில் நடந்த சண்டைக்கு வருகிறேன்.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். மதுரா ஓர் இன்டர்வியூவுக்குக் கொழும்புக்குப் போயிருந்தாள். என் கணவருக்கு வவுனியாவில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வருவார். நான் கிளிநொச்சி டவுனில், மருந்துக்கடையில் நிற்கிறேன். மத்தியானம் அக்கா போன் எடுத்து, காலையிலேயே கரண்ட் போய்விட்டது, பின்னேரம்தான் வருமாம் என்றாள். ஃபேன் இல்லை. ஐஸும் உருகியிருக்கும். தொட்டித் தண்ணீர் சூடேறினால் இரண்டும் செத்துவிடும்.

அத்தானிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அத்தான், அக்காவின் கணவர். நல்ல மனிதர். கடைசி யுத்தத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் உதவி கேட்காமல், மிளகாய்த் தோட்டம் செய்கிறார்.

"அத்தான், என்னெண்டாலும் செய்து அதுகளைக் குளிராய் வைச்சிருங்கோ. நான் ஓடி வாறன்."

"நீ அந்தரப்படாதை பிள்ளை. நான் பாக்கிறன்."

பார்த்தார். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தொட்டி வெறுமையாக இருந்தது.

"கிணத்துக்குள்ளை விட்டனான்" என்றார் அத்தான், ஒரு பெரிய காரியம் செய்து முடித்த முகத்தோடு. "கிணத்துத் தண்ணி குளிர்தானே. டெங்குக்கு மருந்தடிக்கிற ஆக்களும் நுளம்புக் குடம்பியைத் தின்ன எண்டு மீனைக் கொண்டுவந்து கிணத்துக்குள்ளைதானே விடுகினம்?"

 குற்றம் சொல்ல முடியாது. தொட்டிக்குள் வெந்து போவதைவிடக் கிணறு எவ்வளவோ மேல். அதுவும் மனிதர் யோசித்துத்தான் செய்திருக்கிறார். ஒரு வாளிக்குள் இரண்டையும் விட்டு, தவம் முட்டியை விட்டு வர மறுத்ததால் முட்டியோடு சேர்த்து வைத்து, கயிற்றில் மெல்ல இறக்கித் தண்ணீருக்குள் அமிழ விட்டிருக்கிறார். வாளிக்குள்தானே இருக்கும், வேண்டும்போது தூக்கலாம் என்று நினைத்தாராம்.

தூக்கினோம். வாளிக்குள் முட்டி. முட்டிக்குள் தவம், அசையாமல். கண்டக்டரைக் காணவில்லை.

"ரெண்டையும் ஒண்டாத்தானே விட்டனான்! இது இருக்குது, மற்றது எங்கை?" என்று அத்தான் ஆச்சரியப்பட்டார். எனக்கு ஆச்சரியம் இல்லை. புதுக் கிணறு ஒன்றைக் கண்டால் கண்டக்டர் வாளிக்குள் இருப்பானா?

பொழுது சாயும் வரை கிணற்றுக் கட்டில் குனிந்து நின்றேன். வாளியைத் திரும்ப இறக்கி, நீட்டுத் தடியால் அதன் விளிம்பில் தட்டினேன். வந்தான்! ஆழத்தில் இருந்து வெள்ளையாக எழும்பி வந்து, வாளியை வெளியில் இருந்து முட்டி முட்டிப் பார்த்தான். ஆனால் உள்ளே ஏறத் தெரியவில்லை. எனக்கு எட்டிப் பிடிக்கவும் முடியவில்லை. இருட்டிவிட்டது. மதுரா இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் இறங்குவாள். அவள் தட்டினால் கட்டாயம் மேலே வருவான், நீட்டுக் கம்பில் வலை கட்டி அள்ளிவிடலாம்.

ஒரேயொரு சிக்கல். அந்தக் கிணறு எங்களுடையது மட்டுமல்ல. அம்மா காணியை இரண்டு பெண்களுக்கும் பிரித்தபோது கிணறு எல்லையின் நடுவில் வந்துவிட்டது. பங்குக் கிணறு. ஒரு நாள் அவர்கள் முறை, ஒரு நாள் எங்கள் முறை. விடிந்தால் அத்தானின் முறை. மிளகாய்க்குத் தண்ணீர் இறைப்பார்.

"அத்தான், விடிய மோட்டரைப் போட்டிடாதேங்கோ. மதுரா வந்து அவனை எடுக்கட்டும். சத்தம் கேட்டால் அவன் கிட்டப் போவான், குழாய் இழுத்துப் போடும்."

"சத்தம் கேட்டா எந்தச் சீவனும் ஓடத்தானே பாக்கும்?" என்றார் அத்தான். "மற்றதை வாளியிலை வைக்கேக்கை பாத்தனான், தொட உள்ளுக்கை போயிட்டுது. இதுவும் போய் அடியிலை ஒளிக்கும்."

"இவன் அப்பிடி இல்லை அத்தான்."

"ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை."

"இல்லை எண்டு சொல்லுறன்!"

"சரி சரி, ஓம்" என்றார். எனக்கு அந்த 'ஓம்' பிடிக்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டுக்குக் கூப்பிட்டால் பெரியவர்கள் சொல்கிற 'ஓம்' அது.

விடியற்காலையில் நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் — மோட்டர்ச் சத்தம்.

அடுப்பை அணைத்தேனோ இல்லையோ, ஓடினேன். "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். நான் கிணற்றடிக்குப் போகும் முன்னமே குழாயில் தண்ணீர் மெலிந்துவிட்டது. அத்தான் மோட்டரை நிற்பாட்டிவிட்டு, "அடியிலை என்னவோ அடைச்சிட்டுது" என்று முணுமுணுத்துக்கொண்டு குழாயை மேலே இழுத்தார்.

அடைத்துக்கொண்டு இருந்தவன் கண்டக்டர்.

கூப்பிட்ட சத்தம் என்று நினைத்து வந்திருக்கிறான். வேறென்ன? அவன் வாழ்க்கையில் ஒரு தட்டல், ஒரு அதிர்வு என்றால் மதுரா வந்துவிட்டாள் என்று அர்த்தம். குழாயின் அடியில் இருக்கிற வால்வின் துவாரத்துக்குள் முன்னங்கால் ஒன்று போய், தோளோடு பிய்ந்துவிட்டது. உயிர் இருந்தது. நான் ஒரு பேசினில் தண்ணீர் விட்டு அவனை வைத்தேன். 

சிறிது நேரத்தில் மதுரா படலையைத் திறந்துகொண்டு வந்தாள், தோளில் பை, நித்திரை கலையாத முகம். பேசினுக்குள் பார்த்தாள்.   பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

அக்கா வந்தாள். "கால்தானே பிள்ளை. உயிர் தப்பிட்டுதெல்லே" என்றாள்.

கால்தானே! கால் இழந்தவர்கள் நிறைந்த இந்த ஊரில் நின்றுகொண்டு, அதுவும் தன் புருசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்படி வாய் வந்தது அவளுக்கு?

அத்தான் போனை எடுத்து எதையோ தேடிவிட்டு நிமிர்ந்தார். முகம் வெளித்துவிட்டது. "இஞ்சை பார், இந்தச் சாதிக்குக் கால் திரும்ப முளைக்குமாம்! எலும்பு, விரல் எல்லாம் பழையபடி வருமாம். பிறகேன் செத்த வீடு மாதிரி இருக்கிறியள்? எனக்கு முளைச்சதே? அது குடுத்து வைச்சது."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மூத்தவர், அக்காவின் கணவர், மரியாதை... எல்லாம் போய்விட்டது.

"முளைக்கும் எண்டால் பிய்க்கலாமோ அத்தான்? நான் சொன்னனான்தானே? இவன் வேறை, அவன் வேறை எண்டு தொண்டை கிழியச் சொன்னனான்தானே? ஒளிக்கிறவனைப் பாத்துப்போட்டு ஓடி வாறவனையும் அப்பிடித்தான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? முகாமிலை உங்களுக்குச் செருப்புத் தந்ததை மறந்து போனியளோ?"

யுத்தம் முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த முகாமில் நடந்தது இதுதான். எல்லோருக்கும் செருப்புக் கொடுத்தார்கள். ஒரே அளவு. அத்தானுக்கும் ஒரு சோடி. அப்போது அவருக்குச் செயற்கைக் காலும் இல்லை, ஊன்றுகோல்தான். "எனக்கு ஒண்டு காணும், அதுவும் அளவானதாய்த் தாங்கோ" என்று கேட்டிருக்கிறார். "எல்லாருக்கும் ஒண்டுதான், நகருங்கோ" என்றார்களாம். அன்று இரவு அந்தச் செருப்பை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு அவர் குழறிய குழறல் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. அதே அத்தான்! அதே வாயால் சொல்கிறார் — ரெண்டும் ஒண்டுதானே!

அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். திரும்பித் தன் வளவுக்குப் போய்விட்டார். அன்றைக்கு மிளகாய்க்கு அவர் தண்ணீர் இறைக்கவில்லை. அக்கா என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

எனக்கு இன்றுவரை ஆறவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அத்தானோடு மட்டுமல்ல. பள்ளிக்கூடத்தில் "உன்ரை அக்கா எப்பிடிப் படிச்சவள், நீ மட்டும் ஏன் இப்பிடி?" என்று கேட்டவர்களோடும்தான். ஏ9 வீதியால் வந்து, புது ஓட்டுவீடுகளை வாகனத்துக்குள் இருந்தே பார்த்துவிட்டு, "வீடெல்லாம் வந்துட்டுதே, பிறகென்ன குறை?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களோடும்தான். ஆளைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இல்லை. எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறதா, அது போதும். இரண்டு சலமண்டர், எட்டுக் கால். கணக்குச் சரி.

முளைத்தது. முதலில் தோளில் ஒரு மொட்டு. பிறகு ஒரு சின்னத் துடுப்பு மாதிரி. பிறகு அரிசிக் குறுணி போல விரல்கள். இதை ஒரு நாளும் விடாமல் வந்து பார்த்தவர் யார் தெரியுமா? அத்தான்தான். சண்டை முடிந்து ஒரு கிழமை கழித்து, ஒன்றும் நடக்காதது போல வந்து, கதிரையை இழுத்துச் சாமியறைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு தினமும் வந்தார். சில நாள் தன் வீட்டு ஃப்ரீசரில் உறைய வைத்த போத்தலும் கையில் இருக்கும். மதுராவிடம் மட்டும் மெதுவாக, "இண்டைக்குக் கொஞ்சம் நீண்டிருக்குது என்ன?" என்பார். அவள் "ஓம் பெரியப்பா" என்பாள். அந்தப் பிள்ளைக்கு என் கோபத்தில் கால்வாசிகூட இல்லை. அதற்கும் எனக்குக் கோபம்.

முந்தநாள் பின்னேரம், "நாலு விரலும் வந்திட்டுது!" என்று அத்தான் சத்தம் போட்டார். ஓடிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். எது பழைய கால், எது புதுக் கால் என்று சொல்ல முடியாது. அவ்வளவு வடிவாக வந்திருந்தது. அத்தானின் சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே... தன் சொந்தக் காலே முளைத்த மாதிரி. எனக்கும் கண் கலங்கியது, மறைக்க மாட்டேன்.

"இனிச் சரிதானே பிள்ளை?" என்று கேட்டபடி, கையை நீட்டிக் கண்ணாடியில் தட்டினார்.

கண்டக்டர் பின்னுக்குப் போனான். அவர் இன்னொரு தரம், மெதுவாகத் தட்டினார். அவன் பின் கண்ணாடியோரம் ஒண்டி, தொட்டியின் மூலைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.  மதுராவுக்கு இது புதிதல்ல. இந்த மூன்று மாதமும் அவள் தினமும் தட்டிப் பார்த்துவிட்டாள்.

அத்தான் நீட்டிய கையை எடுக்கவில்லை. அறை இருட்டிக்கொண்டு வந்தது. நான்தான் லைட்டைப் போட்டேன்.

"கால் வந்திட்டுது" என்றார், எங்கள் ஒருவரையும் பார்க்காமல். "ஆள் வரேல்லை."